புகை ஆடவில்லை

வீட்டில் குளிர்காற்று புகாமல் அடைத்துத் தர அரசு உதவி கேட்டு விண்ணப்பித்தேன். நாலு குளிர்காலம் கழித்து, அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் என் வீட்டுக்கு ஆய்வாளர் ஹாலிஸ் எழுந்தருளினார்.

பூட்ஸ் பனியை என் கம்பளத்தில் உதறினார். வாசலில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி, உள்காற்றை வெளியே இழுக்கவிட்டார். பிறகு ஜன்னல் ஜன்னலாகப் புகைக்குச்சியை நீட்டினார். ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து புகை ஆடுமாம்.

புகை அசையவே இல்லை.

"காத்து எங்கயும் புகலயே, மிஸஸ் திபோடோ! இந்த வீட்டுக்கு எதுக்கு உதவி?"

"முதல் வருஷமே வந்திருந்தா தெரிஞ்சிருக்கும் தம்பி. சமையல்கட்டுல குடிக்கிற தண்ணி உறைஞ்சு கெடந்துச்சு."

"அது பழைய கதைம்மா. இப்ப இருக்கறதைத்தான் நான் எழுத முடியும்." தாளில் 'உதவி தேவையில்லை' என்று எழுதினார். "ஆனா வேலை சுத்தம். யார் செஞ்சது?"

"நான்தான். சாமானெல்லாம் உங்க ஆபீஸ் குடுத்தது."

"எங்க ஆபீஸா? ஒண்ணும் குடுத்ததா ஃபைல்ல இல்லையே!"

ஜன்னல் இடுக்கில் இறுக்கித் திணித்திருந்த காகிதம் ஒன்றை உருவிக் கொடுத்தேன். சில்லென்று காற்று பாய்ந்தது, புகை துள்ளியது. அவர் பிரித்துப் படித்தார்.

'தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. காத்திருக்கவும்.' கீழே அவருடைய கையெழுத்து.

"மாசம் தவறாம அனுப்புனீங்களே, வீடு முழுக்க அதுதான்" என்றேன். "இப்ப இங்க ஒரு ஓட்டை விழுந்துருச்சு. அந்த 'தேவையில்லை' தாளைக் குடுங்க, அடைச்சுக்கறேன்."