ஆளுக்கு ஒரு படம்

பெற்றோரின் ஐம்பதாவது திருமண நாளுக்கு, விருந்தினர் உள்ளே உட்கார்ந்து படமெடுத்துக்கொள்ளும் போட்டோ பூத் ஒன்று வைப்பதென்று முடிவானதும், மகள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அதை வாடகைக்குத் தரும் கடைக்குப் போனாள். வீட்டுக்கு அவள் ஒரே பிள்ளை. எல்லா ஏற்பாடும் அவள் தலையில்தான் விழுந்திருந்தது.

கடைக்காரர் ஒரு பூத்தைக் காட்டினார். "உள்ள எத்தனை முகம் இருக்குன்னு இதுவே எண்ணிக்கும்மா. ஆளுக்கு ஒரு படம் வந்துடும். உக்காந்து பாருங்க."

இருவரும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். மூன்று படங்கள் வந்தன. மூன்றிலும் அவர்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள்.

கடைக்காரர் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார். அப்போதும் மூன்று. மகளை மட்டும் உட்காரவைத்தபோது ஒன்று வந்தது. அம்மாவை மட்டும் உட்காரவைத்தபோது இரண்டு வந்தன.

"காலைலகூட நல்லாத்தான் இருந்துச்சு" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

"வேற கடை பாக்கலாம்மா" என்றாள் மகள்.

அம்மா எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் ஒருமுறை, 'எனக்கு மட்டும் ஏம்மா அண்ணன், அக்கா யாருமே இல்ல?' என்று தான் கேட்டதும், அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சமையலறைக்குள் போய்விட்டது மகளுக்கு ஏனோ நினைவுக்கு வந்தது.

"வேண்டாம். இதுவே இருக்கட்டும்" என்றாள் அம்மா. "இதுதான் சரியா எண்ணுது."

பிறகு கடைக்காரரிடம் இன்னொரு தடவை எடுக்கச் சொல்லிவிட்டு, பெஞ்சில் சற்று நகர்ந்து, பக்கத்தில் இடம்விட்டு உட்கார்ந்தாள்.