வெண்கலக் கை

திரையில் டிரெவன் ஓக்ஸ் எகிறிப் பந்தைத் தட்டிவிட்டதும் அறையிலிருந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் கைதட்டினார்கள்.

வெண்டல் ஹாக்ஸ்டன் தட்டவில்லை. கைத்தடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். எழுபத்து மூன்று வயதிலும் அவர் சாய்வதில்லை.

கூடைப்பந்து அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் மாலை அது. அவர்கள் முறை வந்துவிட்டது. பெயரைச் சொல்ல ஐந்து நிமிடம். சுவர்க் கடிகாரம் இறங்கத் தொடங்கியிருந்தது.

பலகையில் காந்தப் பட்டைகளில் இரண்டு பெயர்கள் மிச்சம். ஓக்ஸ். மைக்கா பெல். இருவரும் தடுப்பாட்டக்காரர்கள்.

முடிவு சொல்ல வேண்டியவள் கோரா ஹாக்ஸ்டன், வெண்டலின் மகள். மூன்று வருடமாக அவள் எடுத்த எவனும் தேறவில்லை. இன்று எடுக்கப்போகிறவனும் தேறாவிட்டால் அவள் நாற்காலி போய்விடும். அந்த அறையில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவ்வளவு மரியாதை இன்னும் மிச்சமிருந்தது.

"இதுல எத்தனை பின்னாலேர்ந்து வந்து தட்டினது?" என்றார் வெண்டல்.

யாரும் எண்ணியிருக்கவில்லை. கைதட்டுகிறவர்கள் எண்ண மாட்டார்கள்.

"முன்னாடி நிக்கத் துப்பில்லாதவன்தான் பின்னாடி ஓடி வந்து குதிப்பான். எதிராளி அவனைத் தாண்டிப் போயாச்சு. அப்புறம் பறந்தா என்ன, மிதந்தா என்ன?"

புள்ளிவிவரம் பார்க்கும் நீல், கோழி இறக்கைச் சாறு ஒட்டிய விரலைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டான். அவன் பந்தைத் தொட்டதே கடையில்தான் இருக்கும் என்பது வெண்டலின் கருத்து.

"பெல் பேர்ல ஒண்ணுமே இல்லையே சார். தட்டினது இல்ல, பறிச்சது இல்ல. பூராவும் சைபர்."

"பந்தே வராத இடத்துல என்னத்த எண்ணுவ தம்பி?"

ஜனவரிப் பனியில் நூற்றுப்பத்து மைல் வண்டியோட்டிப் போய் வெண்டல் அந்தப் பையனின் ஆட்டத்தைப் பார்த்திருந்தார். பெல் குதிக்கவில்லை. கத்தவில்லை. எதிரணியின் பெரிய ஆட்டக்காரனுக்கு முன்னால் வெறுமனே நின்றான், நகர்ந்தான், மறுபடியும் நின்றான். நாற்பது நிமிடத்தில் அந்தப் பெரியவனுக்குப் பந்து நான்கு முறைதான் போனது. கடைசியில் அவன் தானாகவே போய் பெஞ்சில் உட்கார்ந்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டான்.

இதை எந்தக் காகிதம் சொல்லும்? காகிதம் பார்த்து ஆள் எடுக்கிறவர்களுக்கு யார் சொல்வது?

"அப்பா," என்றாள் கோரா. அவள் குரல் தணிந்திருந்தது. "ஊருக்கு ஓக்ஸ்தான் வேணும். ஏன்னு உங்களுக்கே தெரியும். அவன் உங்களை மாதிரியே ஆடுறான்."

எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள்.

அங்கே அந்தப் படம். நாற்பத்தோரு வருடத்துக்கு முன், கோப்பைக்கான கடைசி ஆட்டம், கடைசி இரண்டு நொடி. இளம் வெண்டலின் வலது கை வளையத்துக்கு மேலே எழும்பி, எதிராளி எறிந்த பந்தைப் பலகையோடு அறைந்து நிறுத்தியிருந்தது. அந்தக் கையால்தான் ஊர் கோப்பையைப் பார்த்தது. ஹாக்ஸ்டன் என்ற பெயரைக் கேட்டால் வங்கியிலும் எழுந்து நிற்பது அந்தக் கையால்தான்.

நீல் எழுந்து படத்துக்கு அருகில் போனான். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"இதுலயும் நீங்க பின்னாலதானே சார் இருக்கீங்க?"



நாற்பத்தோரு வருடத்தில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. கேட்க இவன்தான் கிடைத்தான்.

பதில் வெண்டலின் நாக்கில் இருந்தது. அன்று அந்த ஆட்டத்தில் எத்தனை நொடி மிச்சம் என்று ஒரு கணம் தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குள் எதிராளி அவரைத் தாண்டிவிட்டான். மற்றதெல்லாம் வெட்கம் துரத்த ஓடிய ஓட்டம்.

ஆமாம், தாண்டவிட்டேன், அதனால்தான் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை போதும். பெல் வந்துவிடுவான். மகளின் நாற்காலி நிற்கும்.

ஒன்பது பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள். கோராவும்.

வெண்டல் தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது நொடி.

"நீ பொறக்காத வருஷத்துப் படம் அது," என்றார். "போய் உன் இடத்துல உக்காரு."

யாரோ சிரித்தார்கள். நீல் காது சிவக்கப் போய் உட்கார்ந்தான்.

கோரா இன்னும் இரண்டு மூச்சு காத்திருந்தாள். பிறகு தொலைபேசியை எடுத்து ஓக்ஸின் பெயரைச் சொன்னாள்.

கைதட்டல் கூரையை முட்டியது. ஒருவர் பின் ஒருவராக வந்து வெண்டலின் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இன்னொரு ஹாக்ஸ்டன் கிடைத்துவிட்டான் என்றார்கள். அவர் சாயாமல் உட்கார்ந்து கையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தொலைக்காட்சியில் அரங்க வாசலைக் காட்டினார்கள். கூட்டம் ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தது. அப்பாக்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கி, வாசலில் நிற்கும் வெண்டல் சிலையின் வெண்கலக் கையைத் தொடவைத்தார்கள். சிலையில் வெண்டல் தனியாக எழும்பி நிற்கிறார். அவருக்கு முன்னால் ஒருவருமில்லை.

சிற்பி வரைந்து கொண்டுவந்த முதல் படத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். முன்னால் ஓடுகிறவனைப் பேனாவால் அடித்துவிட்டு, வெண்டல் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்.