வாயில்லாப் பூச்சி

மனைவியின் அக்காவிடம் இரவல் வாங்கிய கம்பளிக் கோட்டின் முதுகில் பெரிய ஓட்டை. அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் சுவரைக் காட்டினார். அங்கே கையகலத்துக்கு ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது.

"எல்லாம் இந்தத் திருட்டுப்பய வேலை. அந்துப்பூச்சி!"

"எவ்வளவு அழகா இருக்கு! பட்டாம்பூச்சிங்க அது."

"பட்டாம்பூச்சி உட்கார்ந்தா றெக்கையை மேல மடக்கி வெச்சுக்கும். இது பாய் விரிச்ச மாதிரி பரப்பி வெச்சிருக்கு பாரு. பட்டாம்பூச்சிக்கு மீசை நுனியில குண்டா இருக்கும். இதுக்கு இறகு மாதிரி இருக்கு!"

கல்யாண நாளே ஞாபகம் இல்லாத மனிதர் பூச்சியின் மீசை வரைக்கும் படித்திருப்பதில் அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"சரி, அந்துதான். ஆனா இந்தப் பெரிய ஜாதி அந்துக்குச் சாப்பிட வாயே கிடையாது. கம்பளியைத் தின்னுறது பொடி அந்தோட புழு."

"உனக்கு யார் சொன்னா?"

"நீங்க செல்போன்ல திறந்து வெச்ச அதே பக்கம்தான். நீங்க பாதியில நிறுத்திட்டீங்க."

"அப்போ... புழு தின்னிருக்கும்."

அவள் கோட்டை விரித்துப் பிடித்தாள். ஓட்டை முன்னால் கூராகவும் பின்னால் அகலமாகவும், ஓரமெல்லாம் கருகியும் இருந்தது.

"இருக்கும், இருக்கும். அந்தப் புழு இன்னும் பிளக்குலயே சொருகியிருக்கு. முதல்ல போய் ஸ்விட்சை அணைங்க!"