நாலாவது கேள்வி

"பேப்பரைக் குடு, ட்ராவிஸ்."

பேராசிரியர் பிரெக்கே அதை வாங்கி நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "காப்பி அடிச்சா சைபர். கிளம்பு."

ட்ராவிஸ் கோட்டை எடுத்துக்கொண்டு, பக்கத்து இருக்கை மாரிட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். இந்தப் பாடத்தில் தேறாவிட்டால் அடுத்த பருவம் அவனுக்குக் கல்லூரியே கிடையாது.

மாரிட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன நியாயம் இது?

பேராசிரியர் மேஜைக்குப் போய்க் கல்லூரிப் பத்திரிகையை விரித்தார். பரீட்சை மேற்பார்வை என்றால் அவருக்குக் குறுக்கெழுத்துதான். அதுவும் பேனாவில். பென்சிலால் போடுகிறவன் கோழை என்பார்.

ஆனால் இன்று உட்காரவே இல்லை. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து மாரிட்டின் தோளுக்குப் பின்னால் நின்றார்.

கரும்பலகையில், காலையில் அவசரமாக எழுதிப்போட்ட ஐந்து கேள்விகள். நாலாவது: 'புதிதாகக் கற்றது பழைய பாடத்தை மறக்கடிப்பதற்கு என்ன பெயர்? பன்னிரண்டு எழுத்து.'

"எழுத்துக் கணக்கு எதுக்கு, ப்ரொபசர்?" என்று யாரோ கேட்டதற்கு, "இரக்கம்ப்பா" என்றிருந்தார்.

மாரிட் நாலாவது விடையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

மணி அடித்தது. எல்லோரும் போனபிறகும் அவள் பேப்பரைக் கொடுக்காமல் நின்றாள்.

"ட்ராவிஸ் என் பேப்பரைப் பார்க்கல."

"ரெண்டு தலையும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சே?"

"தலை ரெண்டுன்னா, தண்டனை ஏன் ஒண்ணுக்கு மட்டும்?"

"நீ முதல் மார்க். அவன் போன பருவம் ஃபெயில். இதுல என்னம்மா விசாரணை? முப்பது வருஷமா ஞாபகசக்தி பாடம் நடத்துறேன். மண்டையில ஏத்தாம அடுத்தவன் பேப்பர்ல மேயுறவனை வாசனையிலேயே பிடிச்சிடுவேன்."

மாரிட்டின் கண் மேஜைக்குப் போனது. இந்த வாரக் குறுக்கெழுத்தின் தலைப்பு: கற்றலும் நினைவில் நிறுத்தலும். குறிப்புகளுக்கு நடுவே, கரும்பலகைக் கேள்விகள் ஐந்தும் ஒரு வார்த்தை மாறாமல் இருந்தன. நாலு கேள்விக்கு அவள் எழுதிய விடைகளே கட்டங்களில் உட்கார்ந்திருந்தன. மை இன்னும் காயவில்லை.

ஒரே ஒரு வரிசை காலி. பன்னிரண்டு கட்டம்.

"ப்ரொபசர்..."

பிரெக்கே தொண்டையைச் செருமினார். "நம்ம பாடமாச்சே, மதியச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சுடறேன்னு வரலாற்றுத் துறைக்காரங்ககிட்ட வாய்விட்டுட்டேன்." குரல் தணிந்தது. "நாலாவதுக்கு என்ன எழுதின? மறைச்சுட்டியே."

மாரிட் தன் பேப்பரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"கூடையில இருக்கு. பொறுக்கி ஒட்டி, ட்ராவிஸுக்கு மார்க் போட்டுட்டு அப்புறமா எழுதிக்கங்க."

"நான் உன் விடையைத்தானே கேட்டேன்?"

"அதைத்தான் சொல்றேன், ப்ரொபசர். அவன் என்னைப் பார்த்து எழுதல. நான்தான் அவனைப் பார்த்து எழுதினேன்."