கோட்டுக்கு வெளியே

"ஏ பிள்ள, அந்த அட்டைய இன்னுமா அனுப்பல?"

டிசைனிங் கடை முதலாளி ஜெயகணேஷ் பைக்கில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"ஞானையா சார் ஒரு திருத்தம் சொல்லியிருக்காங்க அண்ணாச்சி," என்றாள் பொன்செல்வி.

"அவரு தினமும்தான் சொல்லுதாரு. ஹார்பர்ல ரிட்டயர்டு ஆன மனுசன். வீட்டுல பேச்சுத் துணைக்கு ஆள் இருக்காது, இங்கன வந்து உன் கழுத்த அறுக்காரு. ஞாயித்துக்கிழமை அவரு எழுதின புத்தகம் வெளியீடு. இன்னைக்கு பைல் சிவகாசி அச்சகத்துக்குப் போகலைன்னா மேடையில வெறுங்கையோடதான் நிக்கணும். பழி நம்ம கடைக்கு."

பைக் போய்விட்டது. பிறகு ஏ.சி. சத்தம் மட்டும்.

பொன்செல்விக்கு ஊர் சாத்தான்குளம். தங்கியிருப்பது விடுதியில். சில நாட்களில் சாப்பாட்டுக் கடையில் சொல்லும் "ஒரு தயிர்சாதம்" தவிர அவளுக்குப் பேச்சே இருக்காது.

மத்தியானம் ஞானையா வந்தார், இரண்டு டீயோடு.

"பிள்ள, அட்டையில கீழ் ஓரத்துல கடல் வெளுத்துக் கிடக்கே. கொஞ்சம் நீலத்தக் கூட்டேன்."

"சார், அது வெட்டுற கோட்டுக்கு வெளியே இருக்கு. பைண்டிங்ல கத்தி அத வெட்டி எடுத்துரும். அங்க என்ன செஞ்சாலும் புத்தகத்துல வராது."

"வெட்டப்போற இடத்துல எதுக்குப் படம்?"

நேற்றும் இதையேதான் கேட்டார். முந்தாநாளும்.

"கத்தி கொஞ்சம் விலகினாலும் ஓரத்துல வெள்ளையாத் தெரியக்கூடாதுல்ல, அதுக்குத்தான் சார்."

"ஓகோ. இதெல்லாம் எங்க படிச்ச?"

கல்லூரியைச் சொன்னாள். அம்மாவைச் சொன்னாள். விடுதி வார்டன் வளர்க்கும் பூனை தன் கட்டிலில்தான் தூங்குகிறது என்பதையும் சொன்னாள். டீ ஆறிப்போனது.

பாவம், மறதி. வீட்டில் எடுத்துச் சொல்லவும் ஆளில்லை போல. அவர் மனம் கோணாமல் நீலத்தைக் கூட்டினாள். நேற்று கோட்டுக்கு வெளியே மேகத்தின் வாலை நீட்டியதும் இப்படித்தான்.

"இன்னைக்கு அனுப்பியாகணும் சார்."

ஞானையா ஆறிய டீயை எடுத்துக் குடித்தார். "சரி, அனுப்பிரு."

நிறங்களை அச்சுக்கு ஏற்றபடி மாற்றினாள். புத்தகத்தின் முதுகுப் பட்டையில் பெயர் நடுவில் நிற்கிறதா என்று பார்த்தாள். எக்ஸ்போர்ட் பொத்தானுக்கு மேல் அம்புக்குறி நின்றது. அழுத்தினால், நாளை மத்தியானம் யாரும் வரப்போவதில்லை.

அழுத்தினாள்.

காலிக் கோப்பைகளை அவரே எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு ஒவ்வொரு மத்தியானமும் ஏ.சி. சத்தம் மட்டும். விழா முடிந்த மறுநாள் ஓர் அம்மாள் உள்ளே வந்தார். கையில் புத்தகம்.

"நீதான் பொன்செல்வியா? நான் கிருபை. ஞானையா சார் சம்சாரம். அவரேதான் கொண்டாரேன்னாரு. பேரப்பிள்ளைய மூணும் காலப் புடிச்சுத் தொங்குது, தாத்தாவ விடமாட்டேங்குது. மவனும் மருமவளும் கூடத்தான் இருக்காவ. வீடா அது, மீன் ஏலக்கூடம் மாதிரி ஒரே கூச்சல்."

பொன்செல்வி மேசை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். முதல் நாள் அவருக்குக் காட்டிய அட்டை. புத்தகத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். கூட்டிய நீலம் இல்லை. நீட்டிய மேக வால் இல்லை. முதல் நாள் கோட்டுக்கு உள்ளே இருந்தது அப்படியே அச்சாகியிருந்தது.

"சார் சொன்ன திருத்தம் ஒண்ணுகூட அட்டையில வரலையேம்மா."

கிருபை சிரித்தார்.

"அது அவருக்குத் தெரியாதா? முத நாளே வீட்டுக்கு வந்து சொல்லிட்டாரே. 'கோட்டுக்கு வெளியே எத மாத்தினாலும் அட்டைக்கு ஒண்ணும் ஆவாது. அந்தப் பிள்ளைக்கோ, வேலையச் சொன்னாத்தான் பேச்சு வருது'ன்னு."