இடது கன்னம்

“வாயைத் திற, பழனியாண்டி.”

பூசாரி கையில் சின்ன வெள்ளி வேலோடு நின்றார். காவடி எடுக்கிறவர்களுக்கெல்லாம் நாக்கில் அலகு குத்தியாகிவிட்டது. பழனியாண்டி மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினார். அவருடைய இடது கன்னம் உருண்டையாகப் புடைத்திருந்தது.

லாங் மவுண்டன் கிராமத்து ஆற்றங்கரையில் ஊரே கூடியிருந்தது. பத்து நாள் விரதம். மீன் கூடாது, ரம் கூடாது, வெற்றிலை புகையிலை கூடவே கூடாது. விரதத்தின் கடைசிக் காலையில் பழனியாண்டி கரையோரம் போய்ச் சிவப்பாகத் துப்பியதை, அவரோடு கரும்பு வெட்டும் மருதை பார்த்துவிட்டான்.

“முப்பது வருஷமா கன்னத்துல புகையிலையை அடக்கிக்கிட்டே தூங்குற ஆளு. சாமிக்காக விட்டுடுவாரா?” என்றான் மருதை. கூட்டம் சிரித்தது. “எதுக்குக் காவடின்னு கேட்டாலும் சொல்ல மாட்டேங்கிறாரு.”

கோவில் தலைவர் விநாயகம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். கரும்பு எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் சர்தாரும் அவர்தான். வெட்டுக்கு நடுவே பசி என்று யாரும் உட்கார்ந்துவிடாமல் இருக்க, ஆளுக்கொரு துண்டு புகையிலை கொடுத்துப் பழக்கியதும் அவர்தான்.

“காட்டுல நான் குடுத்தேன், நீ தின்னே. சரி. சாமி முன்னாலயுமாடா?”

பழனியாண்டி காவடியைத் தோளோடு அணைத்துக்கொண்டார்.

அவர் மகள் சிவகாமி முன்னால் வந்தாள். பட்டணத்தில், போர்ட் லூயி ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சியில் இருக்கிறாள். காலையில்தான் பஸ் பிடித்து வந்திருந்தாள். போன விடுமுறையில் அப்பாவின் கையைப் பிடித்துக் கெஞ்சிவிட்டுப் போனவள் அவள். அந்த எழவு வாயையே அரித்துவிடும், வார்டில் தினம் பார்க்கிறேன் என்று அழுதிருந்தாள்.

“விட்டுர்றேன்னு என் தலைமேல அடிச்சுச் சொன்னியேப்பா!”

அவர் அவளைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. தாடை அசையவில்லை, எதையும் மெல்லவும் இல்லை.

“காவடியை இறக்கு,” என்றார் விநாயகம். “ஆலே, கிளம்பு! வீட்டுக்குப் போ. இனிமே உன் குடும்பத்துல ஒருத்தரும் கோவில் வாசல் மிதிக்கக் கூடாது.”

பழனியாண்டி காவடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சிவகாமி அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவமானத்தாலா, கோபத்தாலா, அவளுக்கே தெரியவில்லை.

“துப்புப்பா! எல்லாரும் பாக்கட்டும். துப்பிட்டு மன்னிப்புக் கேளு. காவடியையாவது எடுக்க விடுவாங்க.”

அவர் தலையை ஆட்டினார்.

“நீ துப்ப மாட்டே, இல்ல? நானே எடுக்கிறேன்!”

அவர் தாடையைப் பிடித்து அழுத்தினாள். வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. விரலை உள்ளே விட்டு அந்த உருண்டையைத் தோண்டி இழுத்தாள்.

அது நகரவில்லை. கன்னச் சதையோடு சேர்ந்திருந்தது.

இன்னொரு முறை இழுத்தாள். பழனியாண்டி வலியில் முனகினார். சிவகாமியின் விரல் அப்படியே நின்றுவிட்டது. காவடி மணிகள் மட்டும் கிலுகிலுவென்று ஆடிக்கொண்டிருந்தன.

அவர் அவள் கையை மெல்ல விலக்கினார். விரலில் புகையிலை இல்லை, ரத்தம்தான் இருந்தது. குழறிக் குழறிச் சொன்னார்:

“அது துப்ப வராது தாயி. அதுக்குத்தான் காவடி.”