பின்பக்கக் கொக்கி

செஞ்சி ஜவுளிக்கடையில், பெண்கள் உடை மாற்றும் அறை வாசலில் காவலுக்கு நின்றிருந்தாள் கலைமதி. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான். சிங்கவரத்து ரஞ்சிதம் மகளோடு வந்து நின்றாள்.

"உள்ள யாரும்மா, ஆம்பளக் குரலா கேக்குது? திருநங்கைங்களயும் உடுறீங்களா இன்னா?"

"தெரியலக்கா..."

"வயசுப் பொண்ணோட வந்திருக்கேன், டென்சனா இருக்குது. மொதலாளிகிட்ட சொல்லி வெளிய அனுப்பு."

கதவு திறந்தது. நிறைமாத வயிற்றைப் பிடித்தபடி ஒருத்தி வந்தாள்.

"சளிக்கா, தொண்ட கட்டிக்கிச்சு."

ரஞ்சிதம் அசடு வழிந்தாள். மகளை உள்ளே அனுப்பிவிட்டுக் கலைமதியின் கையைப் பிடித்தாள்.

"ஜாக்கெட்டுக்குப் பின்னாடி கொக்கி, அவளுக்கு எட்டாது. நீ போய் மாட்டி உடும்மா. உன்ன மாதிரி பொண்ணு இருந்தா எனக்கு தைரியம்."

கலைமதி நகரவில்லை. சொன்னால் வேலை போகலாம். சொல்லாமல் உள்ளே போகவும் மனம் வரவில்லை.

"அக்கா, நான் திருநங்கை."

ரஞ்சிதம் கையை விட்டாள். அவளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, கொக்கி!" உள்ளிருந்து மகள் கத்தினாள்.

"தோ வரேன்டி!" ரஞ்சிதம் கதவருகே போய்த் திரும்பினாள். குழப்பம் தீராத முகத்தோடு தன் கைப்பையைக் கலைமதியிடம் நீட்டினாள்.

"இத புடி. நாங்க வர்ற வரைக்கும் எவனும் இந்தப் பக்கம் வராம பாத்துக்கோ."